எத்திராஜ் விட்டுவைத்த மூன்று வரிகள்

விருது வாங்குவதற்கும் விண்ணப்பம் எழுதிப் போடவேண்டும் என்பது எத்திராஜுக்கு ரிட்டயர் ஆக இரண்டு மாதம் இருக்கும்போதுதான் தெரிந்தது. முப்பத்தொரு வருடமாக அடுத்தவர் விண்ணப்பங்களை வாங்கி முத்திரை குத்திய மனிதர் அவர். தன் பெயரில் ஒன்று எழுத உட்கார்ந்தபோது பேனா நகரமாட்டேன் என்றது. ‘தங்கள் சாதனைகளை இருநூறு சொற்களில் விவரிக்கவும்’ என்று மூன்றாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். அதை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, ‘1994 முதல் பணியில் இருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவருடைய சாதனை என்று பார்த்தால் பஸ்ஸைத்தான் சொல்லவேண்டும். பெங்களூர் ஜீவனஹள்ளி வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பி, சிவாஜிநகரில் ஒரு பஸ், மார்க்கெட்டில் ஒரு பஸ் என்று மாறி, ஆனேக்கல் ரோட்டில் இருக்கும் யூனிவர்சிட்டிக்கு ஒன்பதேகாலுக்கு வந்து சேருவார். சாயங்காலம் அதே வழியில் திரும்புவார். மூட்டு இரண்டும் தேய்ந்தது அதில்தான். மாணவர் பிரிவில் இன்வார்டு கவுண்டர் அவருடையது. கம்பி வைத்த ஜன்னல், கீழே கை நுழைகிற அளவுக்கு ஓர் அரைவட்ட ஓட்டை. பேப்பர் உள்ளே வரும். அவர் ரிஜிஸ்டரில் நம்பர் போட்டு, தேதி முத்திரை குத்தி, ரசீதை வெளியே தள்ளுவார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்க அவர் குனியவேண்டும், அல்லது அவர்கள் குனியவேண்டும். பெரும்பாலும் அவர்கள்தான் குனிவார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு எதற்கு விருது என்றால், தர மதிப்பீட்டுக் குழு ஒன்று வரவிருந்தது. குழுவுக்குக் காட்டவேண்டிய ஃபைலில் ‘ஊழியர் பாராட்டு’ என்று ஒரு தலைப்பு, ‘மாணவர் ஆதரவு’ என்று ஒரு தலைப்பு. மூன்று வருடமாக அங்கே யாரும் யாரையும் பாராட்டியிருக்கவில்லை. ஒரே ஆளை வைத்து இரண்டு தலைப்பையும் முடித்துவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். பேராசிரியர்களில் ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் கோர்ட்டுக்குப் போவார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி. எத்திராஜ் பெயரை எழுதிவிட்டார்கள்.

அதிலும் ஒரு வேடிக்கை. விருதுக்கான விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. துணைப் பதிவாளர் நாகேஷ் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாகேஷ் கன்னடக்காரர். ஆனால் நீலசந்திராவில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர் என்பதால் எத்திராஜோடு தமிழிலேயே பேசுவார்.

“எத்திராஜ் அவரே, உங்க அப்ளிகேஷன் லேட்டு. ஸ்வல்ப பழைய தேதி போட்டு நீங்களே இன்வார்டு பண்ணிடுங்க.”

“நம்பர் ஃபுல்லா இருக்குது சார் அந்தத் தேதில.”

“ஏ-ன்னு போடுங்க, பி-ன்னு போடுங்க. முப்பது வருஷம் ஆச்சி, நான் உங்களுக்குச் சொல்லித் தரணுமா?”

எத்திராஜ் கீழே வந்து 418-க்கும் 419-க்கும் நடுவில், எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்தில், 418-ஏ என்று தன் பெயரை எழுதிக்கொண்டார். முத்திரையின் தேதிச் சக்கரத்தை நான்கு நாள் பின்னால் திருப்பிக் குத்தினார். அட்டெண்டர் சந்திரம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, உங்களுக்கே உங்க ஜன்னல்ல லேட்டா?” என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். எத்திராஜும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது.

சந்திரம்மா சிரித்ததற்கு வேறு காரணமும் உண்டு. அவளுக்கு அந்த மூன்று வரிகளைப் பற்றித் தெரியும்.

அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு செமஸ்டரிலும் வருகைப் பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போன மாணவர்களின் பட்டியல் ஒன்று வெளிவரும். அறுபத்தைந்துக்கு மேல் இருந்தால், தகுந்த காரணமும் அதற்கான அத்தாட்சியும் வைத்து மன்னிப்பு விண்ணப்பம் கொடுக்கலாம். கொடுக்காதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது, வருடம் போச்சு. கடைசித் தேதி என்று ஒரு திங்கட்கிழமையைக் குறிப்பார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜன்னலை மூடவேண்டும். மூடிவிட்டு எத்திராஜ், அன்றைய கடைசி விண்ணப்பத்துக்குக் கீழே இன்னும் மூன்று நம்பர் எழுதி, பெயர் இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். செவ்வாய்க்கிழமைத் தபாலைப் புதுப் பக்கத்தில் ஆரம்பிப்பார். ரிஜிஸ்டர் துணைப் பதிவாளர் கையெழுத்துக்குப் போவது வியாழக்கிழமை மூன்று மணிக்குத்தான். அதற்குள் யாராவது மூச்சிரைக்க ஓடிவந்தால் அந்த வரியில் திங்கட்கிழமைத் தேதியோடு பெயர் ஏறும். யாரும் வரவில்லை என்றால் சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டு ‘ரத்து’ என்று எழுதிவிடுவார்.

ஆரம்பித்ததற்குக் காரணம் பெரிய கருணை ஒன்றும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடைசித் தேதியன்று காவிரிக்காகப் பந்த் நடந்தது. தமிழ்நாட்டு எல்லையில் அத்திப்பள்ளியோடு பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. மறுநாள் காலையில் ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து பேப்பரை ஓட்டைக்குள் நீட்டினாள். நேற்றே கடைசி என்று சொல்லித் திருப்பி நீட்டினார். அவள் வாதாடவில்லை, பேப்பரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான். அவள் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அந்தப் பந்த் அன்று தானும்தான் வெளியே தலைகாட்டப் பயந்து வீட்டில் கிடந்தோம், தனக்கு மட்டும் அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்தார்களே என்று அடுத்த செமஸ்டரில் திடீரென்று தோன்றியது. மூன்று வரி விட்டார். ஒன்று விட்டால் போதாது, நாலு விட்டால் கண்ணில் படும் என்பது கணக்கு.

தனக்குத்தானே சில சட்டங்கள் வைத்திருந்தார். யாரிடமும் ஒரு காபிகூடக் குடிக்கக் கூடாது. பேப்பர் இல்லாமல் நம்பர் கிடையாது. முன்கூட்டி யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. “பேப்பர வாங்கினு வா, பாக்கலாம்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சீனியர் பிள்ளைகள் ஜூனியர் பிள்ளைகளிடம் காதோடு காதாகச் சொல்லி, விஷயம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, விருது வேலை ஆரம்பித்ததும் அந்த வரிகள் வெளியே வந்தன. யூனிவர்சிட்டிச் செய்தி மடலைத் தயாரிக்கும் கிருத்திகா ஒருநாள் உள்ளே வந்து அவர் மேஜையருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கரூர்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் போன்.

“சார், உங்களப் பத்திப் பழைய ஸ்டூடண்ட்ஸ்கிட்ட கேட்டு மெயில் போட்டிருந்தனுங்க. ஒருத்தங்க பிரமாதமா எழுதியிருக்காங்க. படிக்கட்டுங்களா?”

எழுதியிருந்தவள் வைஷ்ணவி என்று ஒருத்தி. ஒயிட்ஃபீல்டில் ஏதோ கம்பெனியில் டீம் லீடர். ஏழு வருடத்துக்கு முன்னால், தம்பி விபத்தில் அடிபட்டுக் கிடந்த வாரத்தில், கடைசித் தேதி முடிந்து இரண்டு நாள் கழித்து அழுதுகொண்டு வந்தாளாம். எத்திராஜ் சார் ஒன்றும் பேசாமல் ரிஜிஸ்டரில் காலியாக வைத்திருந்த ஒரு வரியில் அவள் பெயரை எழுதினாராம். ‘அந்த வரியில்தான் இன்று நான் வாழ்கிறேன்’ என்று முடித்திருந்தாள்.

கிருத்திகாவின் கண் பளபளத்தது. எத்திராஜ் திறந்திருந்த ரிஜிஸ்டரை மூடினார்.

நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் இது அச்சானால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தேதி மாற்றிப் பதிவு செய்ததற்கு விசாரணை வரும். பென்ஷனை நிறுத்தி வைப்பார்கள். அது தன்னோடு போகிறது என்றாலும், அந்த வரிகளில் ஏறிய பிள்ளைகளின் டிகிரியைத் தோண்ட ஒருவன் கிளம்பினால்? முப்பத்தொரு வருட ரிஜிஸ்டர்களும் ரெக்கார்டு ரூமில் அப்படியே இருக்கின்றன.

“இது வாணாம்மா,” என்றார்.

“ஏனுங்க சார்? இதவிட நல்ல ஸ்டோரி கெடைக்குங்களா?”

“அந்தப் பொண்ணு ஏதோ மறந்துபோய் எழுதிக்கிது. அப்பிடி ஒன்னும் நடக்கல.”

“அவங்க தேதியோட எழுதியிருக்காங்களே.”

“நடக்கலன்னு சொல்றேன்ல? முப்பத்தோரு வருஷத்துல கடைசித் தேதி தாண்டி ஒரு அப்ளிகேஷன்கூட நான் வாங்கனது இல்ல. எழுதிக்கோ. ஒன்னுகூட இல்ல.”

அவ்வளவு உரக்க அவர் அந்த ஜன்னலுக்குப் பின்னால் பேசியதே கிடையாது. கிருத்திகா கொஞ்சம் பயந்துபோனாள். பிறகு அவள் முகத்தில் வேறு ஒரு வெளிச்சம் வந்தது. “முப்பத்தொரு வருஷம், ஒன்னுகூட இல்ல,” என்று முணுமுணுத்துக்கொண்டே போனில் தட்டினாள். “இதுவே நல்லா இருக்குங்க சார். தலைப்பாவே போட்டுக்கலாம்.”

வைஷ்ணவியின் கடிதம் வரவில்லை என்றால் போதும், அவள் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று எத்திராஜ் விட்டுவிட்டார். அன்றைக்குக் களைப்பில் அவருக்கு வேறெதுவும் ஓடவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெடும்போது தவளைக்கு அது தெரிவதில்லை.

அடுத்த வாரம் பட்டியல் ஒட்டினார்கள். புதன்கிழமை மதியம் ஜன்னலுக்கு ஒரு பெண் வந்து குனிந்தாள். அனுஷா, பி.காம். கடைசி வருடம், ஆனேக்கல். வருகை அறுபத்தெட்டு. அப்பாவுக்குக் கிட்னி போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அம்மா கார்மெண்ட்ஸுக்குப் போவதால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவது இவள்.

“ஆஸ்பத்திரில லெட்டர் வாங்கினு வரணும்மா. டாக்டர் சைன், சீல் ரெண்டும் இருக்கணும்.”

“கேட்டேன் சார். டாக்டர் ஊர்ல இல்லியாம். செவ்வாக்கெழமதான் வராராம். இங்க திங்கக்கெழம லாஸ்ட் டேட்னு போட்டிருக்கே சார்?”

“லெட்டர வாங்கினு வா, பாக்கலாம்.”

“செவ்வாக்கெழம ஆயிடும் சார். பர்வால்லியா?”

எத்திராஜ் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். தூக்கம் இல்லாத முகம். பையில் ஒரு ஃப்ளாஸ்க்கின் மூடி தெரிந்தது. அந்தப் பக்கம் அவளுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

“வாங்கினு வான்னு சொன்னேன்ல,” என்றார். “நேரா இங்க வா. வேற எங்கயும் போகாத.”

அவரைப் பொறுத்தவரை அது பட்டயம் எழுதிக் கொடுத்த மாதிரி. இத்தனை வருடத்தில் அவ்வளவு தூரம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அனுஷா தலையாட்டிவிட்டுப் போனாள். புரிந்துகொண்டாள் என்று அவர் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை விழா. அவர் தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையை வைத்தார்கள், தோளில் சால்வை போட்டார்கள், கையில் செல்லோஃபேன் சுற்றிய பழக்கூடையைக் கொடுத்தார்கள். பேட்டா ஒரு சைஸ் சின்னது. நெற்றியை இறுக்கிப் பிடித்தது. மைக்கில் ஒருவர் கன்னடத்தில் வாசித்தார்: முப்பத்தொரு வருடம், கடைசித் தேதிக்குப் பிறகு ஒரே ஒரு விண்ணப்பத்தைக்கூட ஏற்காத நேர்மை. அரங்கம் கைதட்டியது. கடைசி வரிசையில் நின்றிருந்த சந்திரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்திராஜுக்கு அந்த நேரத்தில் இருந்த உணர்ச்சி நிம்மதிதான், வேறு ஒன்றும் இல்லை. இனி யாரும் பழைய ரிஜிஸ்டரைத் தோண்டமாட்டார்கள். மூட்டு வலித்தது. எப்போது உட்காரச் சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் மனைவி விஜி பேட்டாவை வாங்கி, புத்தர் படத்துக்குப் பக்கத்தில் டிவி மேல் வைத்தாள். போனில் வந்திருந்த செய்தி மடலைக் கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

“ஒருத்தர்கிட்டகூட லேட்டா வாங்கனது இல்லன்னு போட்டுக்கிறாங்க. நெஜமாவா?”

“ஆபீஸ்ல அப்பிடித்தான் எழுதுவாங்க.”

“படிச்சா, ஏதோ ஈவு எரக்கம் இல்லாத ஆள் மாதிரி இருக்குது,” என்று சொல்லிவிட்டு அவள் பழக்கூடையைப் பிரித்தாள். பாதி ஆப்பிள் அழுகல். எத்திராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஆனால் அது அப்போது உள்ளே இறங்கவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும், மெயின் கேட் மேல் பத்தடிக்குப் பத்தடி ஃப்ளெக்ஸில் தன் தலையைப் பார்த்தார். பேட்டா இறுக்கியதில் படத்தில் முறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொட்டை எழுத்தில், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், ‘31 வருடம். கடைசித் தேதிக்குப் பின் ஒன்றுகூட இல்லை.’ செக்யூரிட்டி கோவிந்தப்பா எழுந்து நின்று சல்யூட் அடித்தார். எத்திராஜ் கூச்சத்தோடு கையைத் தூக்கிவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கு ஜன்னலில் கூட்டம். நூற்றுப் பதினோரு விண்ணப்பம். ஐந்து மணிக்கு மூடிவிட்டு, கீழே மூன்று நம்பர் எழுதினார். முதல் வரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இதுதான் அவருடைய கடைசிப் பட்டியல். அடுத்த செமஸ்டருக்கு இந்த நாற்காலியில் வேறு ஆள். கடைசியாக ஒரு வரி சரியான ஆளுக்குப் போகிறது என்று ஒரு சின்ன சந்தோஷம் வந்தது.

செவ்வாய்க்கிழமை அனுஷா வரவில்லை. ஆஸ்பத்திரியில் நேரமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். புதன்கிழமை சாப்பாட்டு டப்பாவை ஜன்னலிலேயே வைத்துச் சாப்பிட்டார். யாராவது குனிந்தால் இவரும் குனிந்து பார்த்தார். சாயங்காலம் சந்திரம்மாவைக் காமர்ஸ் டிபார்ட்மெண்டுக்கு அனுப்பினார்.

“கிளாஸுக்கு வரலியாம் அண்ணா. நம்பர் குடுத்தாங்க,” என்று துண்டுச் சீட்டை நீட்டினாள் சந்திரம்மா.

அடித்துப் பார்த்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். வியாழக்கிழமை காலையில் மூன்று தரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டயாலிசிஸ் வார்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதும், தெரியாத நம்பருக்கு அவள் திரும்பக் கூப்பிடமாட்டாள் என்பதும் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டேமுக்காலுக்கு சந்திரம்மா வந்து நின்றாள். அவள் அவசரப்படுத்தவில்லை, ரிஜிஸ்டரை மேலே கொண்டுபோகும் வேலை அவளுடையது. பேப்பர் இல்லாமல் பெயரை மட்டும் எழுதிவிடலாமா என்று ஒரு கணம் பேனாவை எடுத்தார். பேப்பர் எங்கே என்று மேலே கேட்பார்கள். மூன்று மணிக்குச் சிவப்புப் பேனாவால் மூன்று வரிக்கும் குறுக்குக் கோடு போட்டு ‘ரத்து’ என்று எழுதி மூடிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவள் வந்தாள். ஜன்னலில் குனிந்து, மிகவும் மரியாதையாக, “சார், அடுத்த வருஷம் மறுபடி எழுதறதுக்கு ரீ-அட்மிஷன் ஃபாரம் இங்கதான் குடுப்பாங்களா?” என்று கேட்டாள்.

“ஏம்மா வரல?” எத்திராஜ் குனிந்தார். “லெட்டர் கெடைக்கலியா?”

“கெடச்சிது சார். செவ்வாக்கெழம காலைலயே.” அவள் ஃபைலைத் திறந்து காட்டினாள். டாக்டர் கையெழுத்து, நீல மையில் சீல். எல்லாம் இருந்தது. “எடுத்துனு வந்தேன் சார். கேட் வரைக்கும் வந்தேன். அங்க உங்க போட்டோ போட்டு எழுதியிருந்தாங்கல்ல… ஒன்னுகூட வாங்கனது இல்லன்னு. நீங்க அன்னிக்கு ஏதோ பாவம்னு பேச்சுக்குச் சொல்லியிருப்பீங்க, உங்களப் போய் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு நெனச்சேன். அப்பாவ வேற ஆட்டோல ஒக்கார வெச்சிருந்தேன். திரும்பிட்டேன் சார்.”

எத்திராஜ் அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு எழுந்தார். இரண்டு மாடி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வழியில் இரண்டு பேர் வாழ்த்துச் சொன்னார்கள்.

நாகேஷ் மேஜை முழுக்கக் குழுவுக்கான ஃபைல்கள். எத்திராஜ் கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே சொன்னார். மூன்று வரிகளைச் சொன்னார், எத்தனை வருடம் என்று சொன்னார், ஃப்ளெக்ஸில் இருப்பது தான் சொன்ன பொய் என்று சொன்னார், அதைப் படித்துவிட்டு ஒரு பெண் கேட்டோடு திரும்பிப் போய்விட்டாள் என்றும் சொன்னார்.

நாகேஷ் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத மனிதர்தான்.

“எத்திராஜ் அவரே, அந்த வரிங்க எனக்குத் தெரியாதா? எட்டு வருஷமா கையெழுத்துப் போடறேன். தெரியாத மாதிரி போடறேன், அவ்ளோதான்.”

“அப்போ இதையும் சேத்துக்குங்க சார். ஒன்னே ஒன்னு.”

“நேத்து சாயங்காலமே வி.சி. சைன் பண்ணிட்டாரு. எக்ஸாம் செக்‌ஷன்ல லாக் ஆயிடிச்சி. தெறக்கணும்னா காரணம் எழுதணும். இன்னா எழுதறது? திங்கக்கெழம கமிட்டி வருது. அவங்க பாக்கப்போற மொத ஃபைலே உங்களுது. அதுல இருக்கறதே இந்த ரிஜிஸ்டர்தான்.”

“எனக்கு விருது குடுக்க 418-ஏ போட்டோமே சார்.”

நாகேஷ் ஜன்னல் பக்கம் பார்த்தார். “அது வேற,” என்றார். பிறகு தணிந்த குரலில், “ஒரு மாசந்தான் இருக்குது உங்களுக்கு. நிம்மதியா போங்க. நீங்க சொன்னத நான் கேக்கல,” என்றார்.

கமிட்டியிடமே போய்ச் சொல்லிவிடுவேன் என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் வைஷ்ணவியின் வரியும் கிளறப்படும், மற்றவர்களின் வரிகளும் கிளறப்படும். இந்தப் பெண்ணுக்கு அப்போதும் ஹால் டிக்கெட் வராது. எத்திராஜ் வெட்கப்பட்டார். பேட்டா வைத்துக்கொண்டதற்காக இல்லை; யாரையும் காப்பாற்ற வக்கில்லாமல் அந்தப் பொய் தன்னை மட்டும் காப்பாற்றிவிட்டதற்காக. கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். இறங்கும்போதுதான் மூட்டு அதிகமாக வலிக்கும்.

அவர் சொன்ன இடத்திலேயே அனுஷா நின்றிருந்தாள். அவர் ஃபாரத்தை எடுத்து, எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் புள்ளி வைத்து ஓட்டை வழியாக நீட்டினார். அவள் சுவரில் வைத்து எழுதினாள். எழுதும்போது ஒரு தரம் போன் அடித்தது. “தோ வர்றேம்ப்பா, அஞ்சே நிமிஷம்,” என்று சொல்லி வைத்தாள்.

“தப்பு என்னுதும்மா,” என்றார் எத்திராஜ். “அந்த போர்டுல இருக்கறது நெஜம் இல்ல. நீ வந்திருந்தா வாங்கியிருப்பேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றுதான் அவளுக்குப் பட்டது. அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. இதையும் பேச்சுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள்.

“பர்வால்ல சார், நீங்க ரூல் பிரகாரம்தான இருக்கணும்,” என்றாள். ஃபாரத்தை உள்ளே தள்ளினாள். “கங்கிராட்ஸ் சார். அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன்.”

எத்திராஜ் ரிஜிஸ்டரைத் திறந்து அன்றைய நம்பரைப் போட்டார். பெயர், ஊர், பொருள். முத்திரையின் சக்கரத்தைத் தொடவேண்டிய அவசியம் இல்லை. தேதி சரியாக இருந்தது. ரீ-அட்மிஷனுக்குக் கடைசித் தேதி வர இன்னும் பத்து மாதம் இருந்தது. குத்தி, ரசீதைக் கிழித்து வெளியே நீட்டினார்.